எடையைக் குறைப்போர் பாலை விடலாமா?

சென்ற ஆண்டு ஐப்பசி மழை நாள்களில் ஒரு காலை வேளை. பாளையங்கோட்டையில் குடியிருக்கும் என் தமக்கையார், வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லருகே கால் வழுக்கிச் சாய்ந்தார். மாடியிலிருந்தோ படிக்கட்டிலிருந்தோ விழவில்லை. நின்ற நிலையில் சாய்ந்தவர், தற்காப்பாக வலக்கையைத் தரையில் ஊன்றினார். அவ்வளவே. மணிக்கட்டருகே எலும்பு முறிந்துவிட்டது.

அக்காவுக்கு வயது 54. அதற்கு முந்தைய ஏழு மாதங்களாக அவர் உடல் எடையைக் குறைப்பதில் முனைந்திருந்தார். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. முழங்கால் வலியும் இருந்தது. 78 கிலோ எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று மருத்துவரும் முன்னரே கூறியிருந்தார். அக்கா எதையும் தொடங்கினால் அரைகுறையாக விடுபவர் அல்லர். இரவுச் சோற்றை நிறுத்தினார். முறுக்கு, அதிரசம் முதலிய பலகாரங்களை ஒதுக்கினார். எல்லாவற்றுக்கும் முதலாகப் பாலை நிறுத்தினார். 69 கிலோவுக்கு வந்தும் விட்டார். கோயிலில் கண்டவர்கள் எல்லாரும், "எப்படி அக்கா இவ்வளவு மெலிந்தீர்கள்?" என்று வியந்து கேட்டனர். பாராட்டியவர்களுள் நானும் ஒருவன்.

மாவுக்கட்டுப் போட்ட எலும்பு மருத்துவர் அவரது உணவுப் பழக்கத்தை விசாரித்தார். உடனிருந்த நான் அந்த உரையாடலை இன்னும் மறக்கவில்லை.

"அம்மா, நீங்கள் பால் குடிப்பதுண்டா?"

"பாலைத் தொட்டு ஏழு மாதம் ஆயிற்று, டாக்டர். பால் உடம்பை ஊத வைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். கருப்பட்டிக் காப்பிதான் குடிக்கிறேன். பால் சேர்ப்பதில்லை."

"தயிர், மோர்?"

"அதுவும் பால்தானே!"

"கருப்பட்டிக் காப்பி நாளைக்கு எத்தனை முறை?"

"நாலு முறை இருக்கும்."

மருத்துவர் சிரித்துவிட்டார். "கருப்பட்டியை விட்டிருக்கலாம், அம்மா, பாலை ஏன் விட்டீர்கள்?" என்றார்.

ஏழு மாதம் பால் குடிக்காததனால்தான் எலும்பு முறிந்தது என்று நான் எழுத வரவில்லை. மருத்துவரும் அவ்வாறு கூறவில்லை. எலும்பு வலுவிழப்பது பல ஆண்டுகளின் வேலை. எனினும், உடல் மெலிய விரும்பும் நம் தாய்மார்களும் கன்னிப் பெண்களும் உணவில் முதற்கண் பாலின்மேல் கை வைப்பது ஊரெங்கும் காணும் வழக்கம். அது சரியான வழக்கமா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்று முதல் எனக்கு எழுந்தது.

எடையோடு எலும்பும் குறைகிறது

எலும்பைக் கல்லும் மரமும் போன்றதோர் உயிரற்ற தூணாக நாம் எண்ணுகிறோம். உண்மையில் அது ஓயாது இடிக்கவும் கட்டவும் படுகின்ற உயிருள்ள பொருள். உடலிலுள்ள சுண்ணாம்புச் சத்தில், அதாவது கால்சியத்தில், 100-க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. எஞ்சிய ஒரு பங்கே இரத்தத்திலும் பிற உறுப்புகளிலும் உலவுகிறது. ஆயினும் இந்த ஒரு பங்கு இன்றியமையாதது. இதயம் துடிப்பதற்கும், தசைகள் சுருங்கி விரிவதற்கும், காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறைவதற்கும் அது வேண்டும். எனவே இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சற்றே குறைந்தாலும், கழுத்திலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து அதனை எடுத்து இரத்தத்திற்கு அனுப்புகின்றன. உணவில் வராததை எலும்பிலிருந்து ஈடு செய்கிறது உடல். இதில் வலியில்லை, வீக்கமில்லை. ஆகையால் நமக்குத் தெரிவதுமில்லை.

எடை குறைப்போர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. கொழுப்புக் கரையும்போது எலும்பும் சிறிது கரைகிறது. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைப்பவர்களுக்கு, இடுப்பெலும்பின் அடர்த்தி 100-க்கு 1 முதல் 2 பங்கு வரை குறைவதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. என் தமக்கையார் குறைத்த 9 கிலோ, அவரது எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல்.

காரணங்கள் பல. சுமை தாங்கும் எலும்பே உறுதிப்படும். தாங்கவேண்டிய சுமை குறைந்தால் எலும்பும் தன்னைக் குறைத்துக்கொள்கிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனின் ஒரு பகுதி கொழுப்புத் திசுக்களிலிருந்தே கிடைக்கிறது. கொழுப்புக் குறைய அதுவும் குறைகிறது. உணவைச் சுருக்கும் காலத்தில் குடல், சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சும் அளவும் குறைந்துபோகிறது. புரதச் சத்துக் குறைந்தால் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் எலும்புக்குக் கிடைக்கும் பயிற்சி குறைகிறது. சுண்ணாம்புச் சத்து வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தேவைப்படும் அந்நேரத்தில்தான் நாம் பாலை நிறுத்துகிறோம்!

இன்னொன்றும் உண்டு. உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிட்டதும் எடை திரும்பி வந்துவிடும். இழந்த எலும்பு முழுவதும் அவ்வாறு திரும்புவதில்லை. தவக்காலத்தில் மெலிந்து, ஈஸ்டருக்குப்பின் பருத்து, திருமண வேளையில் மீண்டும் மெலிவோர் இதனை நினைவிற்கொள்வது நலம்.

இதனைப் படித்துவிட்டு, "அப்படியானால் எடையைக் குறைக்காமலேயே இருந்துவிடுகிறோம்" என்று எவரும் ஆறுதல் கொள்ள வேண்டாம். மிகை எடையால் வரும் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் தேய்வு ஆகியவை விளையாட்டல்ல. எடையைக் குறைக்கத்தான் வேண்டும். எதை விட்டுக் குறைப்பது என்பதே கேள்வி.

பால் கொழுப்பைக் கரைக்குமா?

பாலை விடாதீர் என்பதற்காக, பாலே உடலை மெலியச் செய்யும் என்று கூறுவதும் பொய்யாகும். இப்படியும் ஒரு பேச்சு உலகில் நடந்தது. 2000-ஆம் ஆண்டையொட்டி, அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மைக்கேல் செமெல் என்னும் ஆய்வாளர், பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடற்கொழுப்பைக் கரைக்க உதவும் என்ற கருத்தை வெளியிட்டார். பால் வணிகத்தார் அதனை விடுவார்களா? நாள்தோறும் மூன்று முறை பாற்பொருள்களை உண்டால் எடை குறையும் என்று நாடு முழுவதும் விளம்பரம் செய்தனர். பிற ஆய்வாளர்கள் அதே சோதனைகளைச் செய்து பார்த்தபோது அத்தகைய பயன் உறுதிப்படவில்லை. 2007-இல் அந்நாட்டு வணிக ஆணையத்தின் தலையீட்டால் அவ்விளம்பரங்கள் நிறுத்தப்பட்டன.

ஆகவே பால் மெலிவிக்கும் மருந்தன்று. பருக்க வைக்கும் நஞ்சுமன்று. உண்ணும் கலோரியின் மொத்த அளவு குறைந்தால் எடை குறையும்; அம்மொத்த அளவுக்குள் பாலுக்கும் ஓர் இடம் இருந்தால் எலும்பும் தசையும் காக்கப்படும். இவ்வளவே உண்மை.

கொழுப்பு வேறு, சுண்ணாம்பு வேறு

பாலைப் பற்றிய நம் அச்சத்திற்கெல்லாம் வேர் அதிலுள்ள ஆடை. நம் வீடுகளில் கெட்டியான எருமைப் பாலே நல்ல பால் என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. விருந்தினர் வந்தால் அந்தப் பாலில்தான் காப்பி. பால் என்றதும் வெண்ணெயும் நெய்யும் நினைவுக்கு வருவதால், பால் கொழுப்புணவு என்று முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து அந்த ஆடையில் இல்லை. அடியிலுள்ள வெண்ணீரில், புரதத்தோடு சேர்ந்து இருக்கிறது. ஆடையை முழுவதும் எடுத்தாலும் சுண்ணாம்பும் புரதமும் அப்படியே நிற்கும். அதனால்தான் வெண்ணெயிலும் நெய்யிலும் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றே சொல்லலாம். வெண்ணெய் எடுத்த மோரிலோ அது தங்கிவிடுகிறது. நெய்யைப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு மோரை வேலைக்காரர்களுக்குக் கொடுத்த அக்காலத்துப் பண்ணை வீடுகளில், எலும்புக்கு நல்லதைப் பெற்றவர் யார் என்று எண்ணினால் சிரிப்பு வருகிறது.

இவ்வுண்மையை நம் மண்ணிலேயே ஆய்ந்தறிந்தனர். இன்று ஐதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் நீலகிரியின் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்பாரின் சிறு ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. 1958-இல்தான் ஐதராபாத்திற்குச் சென்றது. குன்னூரில் அவருக்குப்பின் தலைமை ஏற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் அவருடன் பணியாற்றிய கிருஷ்ணனும், அரிசியையே பெரிதும் உண்டு வந்த பிள்ளைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலைக் கொடுத்துச் சோதித்தனர். அப்பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் நன்கு வளர்ந்ததைக் கண்டு 1937-இல் வெளியிட்டனர். ஆடையில்லாத பாலே அவ்வளவு செய்தது.

அதற்குச் சில ஆண்டுகளுக்குப்பின் பம்பாயில் மற்றொன்று நிகழ்ந்தது. நகரத்து ஏழைகளுக்கு எட்டும் விலையில் பால் கிடைக்கவேண்டும் என்று, ஆரே பால் குடியிருப்பை உருவாக்கிய தாரா குரோடி என்பார், கொழுப்பு மிகுந்த எருமைப் பாலில் கொழுப்பற்ற பால்தூளையும் நீரையும் கலந்து, கொழுப்பை மட்டும் குறைத்துப் பிற சத்துகளைக் குறையாமல் வைக்கும் முறையைக் கண்டார். நம் கடைகளில் சமன்படுத்தப்பட்ட பால் என்றும், டோன்டு பால் என்றும் விற்பது அதுவே. குரோடி 1963-இல் வர்கீஸ் குரியன், திரிபுவன்தாஸ் பட்டேல் ஆகியோருடன் மகசேசே விருது பெற்றார். ஏழைகளுக்கென்று கண்ட அந்தப் பால்தான் இன்று எடை குறைக்க விரும்பும் நடுத்தரக் குடும்பத்தாருக்கு உகந்ததாயிருக்கிறது.

கடைப் பால் பைகளின்மேல் அச்சிட்டிருப்பதை நாம் படிப்பதேயில்லை. நிறத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். நிறைகொழுப்புப் பாலில் 100-க்கு 6 பங்கு கொழுப்பு இருக்கவேண்டும் என்பது நம் நாட்டு விதி. நிலைப்படுத்தப்பட்ட பாலில் 4.5 பங்கு, சமன்படுத்தப்பட்ட பாலில் 3 பங்கு, இருமுறை சமன்படுத்தப்பட்ட பாலில் 1.5 பங்கு. முற்றிலும் கொழுப்பு நீக்கிய பாலில் அரைப் பங்குக்கு மேல் இராது. கொழுப்பல்லாத பிற திடச்சத்து, அதாவது புரதமும் பால்சர்க்கரையும் சுண்ணாம்பும் சேர்ந்தது, இருமுறை சமன்படுத்திய பாலில் 9 பங்கு. நிறைகொழுப்புப் பாலுக்கும் அதே 9 பங்குதான்! விலை குறைந்த பாலில் சத்தும் குறைவு என்று எண்ணிவந்த எனக்கு இது வியப்பைத் தந்தது.

வீட்டிலேயே ஆடையை எடுத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். கறந்த பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் பெரும்பகுதி ஆடை மேலே திரளும், அதனை எடுத்துவிடலாம். ஆனால் சில பைப் பால்களில் கொழுப்பை எந்திரத்தால் நுண்துளிகளாக உடைத்துக் கலந்திருப்பார்கள். அவற்றில் ஆடை சரியாகத் திரளாது. கொழுப்பு உள்ளேயே இருக்கும். சிலர் பாலில் நீரை ஊற்றிப் பெருக்கிவிட்டு, மெலிதான பால் குடிப்பதாக மகிழ்கின்றனர். நீர் ஊற்றினால் கொழுப்போடு சுண்ணாம்பும் புரதமும் சேர்ந்தே குறைகின்றன என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இனி, அக்காவின் காப்பிக் கணக்கைப் பார்ப்போம். முன்னாள்களில் அவர் நாளொன்றுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 100 மில்லி நிறைகொழுப்புப் பாலில் இரண்டு கரண்டி சர்க்கரை இட்டுக் காப்பி குடித்து வந்தார். 400 மில்லி பாலில் கொழுப்பு 24 கிராம். ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி வீதம் 216 கலோரி. எட்டுச் சிறு கரண்டிச் சர்க்கரை 40 கிராம்; அதற்கு 160 கலோரி. அதே 400 மில்லியை இருமுறை சமன்படுத்திய பாலாக மாற்றினால் கொழுப்பின் கலோரி 54 ஆகிவிடும். சர்க்கரையையும் விட்டுவிட்டால், நாளொன்றுக்கு 320 கலோரிக்கு மேல் மிச்சம். பாலின் அளவோ சுண்ணாம்புச் சத்தோ சிறிதும் குறையவில்லை. அக்கா செய்ததென்ன? பாலை விட்டுவிட்டு, நான்கு வேளையும் கருப்பட்டி சேர்த்தார். வேளைக்கு 15 கிராம் என்று வைத்தாலும் அது 200 கலோரிக்கு மேலாகிறது. சர்க்கரையில்லாத 400 மில்லி மெலிந்த பாலுக்கு ஏறக்குறைய 190 கலோரிதான்! கருப்பட்டி சர்க்கரையைவிட உயர்ந்தது என்று எங்கள் பக்கத்தில் உறுதியாக நம்புவார்கள். மணத்தில் உயர்ந்ததே, கலோரிக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றுதான்.

எவ்வளவு போதும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1200 மில்லிகிராம். இதற்கு முன் 2010-இல் கூறப்பட்ட அளவு 600 மில்லிகிராமாகவே இருந்தது. 100 மில்லி பாலில் ஏறக்குறைய 120 மில்லிகிராம் உண்டு. நாளுக்கு 300 மில்லி பாலோ தயிரோ உணவில் இருக்கட்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அறிவுறுத்துகிறது. அதனால் தேவையில் மூன்றில் ஒரு பங்கு நிறைவேறும். எஞ்சியதைப் பிற உணவிலிருந்து பெறவேண்டும்.

பாலைக் குடித்தால் வயிறு பொருமுகிறது என்போர் நம்மிடையே பலர். அது பாசாங்கன்று. பாலிலுள்ள இனிப்பைச் செரிக்கும் பொருள், குழந்தைப் பருவம் கடந்தபின் பலருக்குக் குடலில் குறைந்துவிடுகிறது. அத்தகையோர்க்குத் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். உறையும்போதே அவ்வினிப்பில் ஒரு பகுதி புளிப்பாகிவிடுகிறது. அவற்றுக்கும் அதே மெலிந்த பாலை உறை ஊற்றலாம். உப்பிட்ட நீர்மோர் வெயிலுக்கு நல்லது. ஆனால் ஒரு பங்கு தயிருக்கு ஐந்து பங்கு நீர் ஊற்றியதைத் தயிராகக் கணக்கெழுதக் கூடாது.

கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எள்ளில் அதனினும் மிகுதி. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை ஆகியவையும் நிரம்பக் கொண்டவை. எனினும் ஏட்டிலுள்ள அளவு முழுவதும் உடலில் சேர்வதில்லை. தானியங்களில் உள்ள பைட்டிக் அமிலமும் சில கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலமும் அதனைப் பற்றிக்கொண்டு வெளியேறிவிடுகின்றன. பாலிலுள்ளதில் மூன்றில் ஒரு பங்கை உடல் ஏற்கிறது. பாலக்கீரையிலுள்ளதில் இருபதில் ஒரு பங்கைத்தான் ஏற்கிறது. கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டி அரைத்தால் நிலைமை சிறிது சீர்படும். கடற்கரை ஊர்களில் நெத்திலியையும் சிறு சாளையையும் முள்ளோடு மென்று தின்னும் வழக்கம் உண்டல்லவா? முத்துநகர்ப் பக்கத்து முதியோர் பலர் பால் குடிக்காமலே அவ்வழியில் சுண்ணாம்புச் சத்தைப் பெற்று வந்துள்ளனர். சாளையில் வைட்டமின் டி-யும் உண்டு.

அந்த வைட்டமின் டி இல்லையேல் குடித்த பால் முழுப் பயன் தராது. குடலில் சுண்ணாம்பை ஏற்றிக்கொள்ள அது வேண்டும். வெயில் மேனியில் பட்டால் உடலே அதனை ஆக்கிக்கொள்ளும். வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் நாட்டில் பெரும்பான்மையோர்க்கு இதுவே குறைவு என்று மருத்துவர்கள் கண்டுள்ளனர். வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் அடைந்து கிடக்கிறோம்; வெளியே சென்றால் குடை. ஆடையை நீக்கும்போது பாலில் இயல்பாயுள்ள வைட்டமின் ஏ-யும் டி-யும் அதனோடு போய்விடுவதால், பல நிறுவனங்கள் அவற்றைத் திரும்பச் சேர்த்து விற்கின்றன. பையின்மேல் கூட்டல் குறியோடு ஆங்கில எஃப் எழுத்து அச்சிட்டிருந்தால் அது செறிவூட்டிய பால் என அறியலாம்.

பாலோடு கலந்து குடிக்கச் சொல்லும் மாவுப் பானங்களைப் பற்றி ஒரு சொல். அவற்றுள் பலவற்றில் இனிப்பே பெரும்பங்கு. 2024-இல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இணைய வணிகர்கள் இவற்றை 'ஆரோக்கிய பானம்' என்ற தலைப்பின்கீழ் விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. எடையைக் குறைப்போர்க்கு அவை வேண்டியதில்லை.

இளையோரும் முதியோரும்

உடல் பருமனே இல்லாத பள்ளி, கல்லூரிப் பெண்கள், கைப்பேசியில் காணும் நடிகையரைப்போல ஆகவேண்டும் என்று பாலையும் காலை உணவையும் விடுகின்றனர். இதனைப் பெற்றோர் சிறு பிடிவாதமென்று விட்டுவிடலாகாது. எலும்பு சேர்ந்து வலுப்பது ஏறக்குறைய 30 வயது வரைதான். அதன்பின் இருப்பதைக் காக்கலாமேயன்றிப் பெரிதாகச் சேர்க்க இயலாது. 16 வயதில் சேராத சுண்ணாம்பு, 55 வயதில் மாதவிலக்கு நின்றபின் எலும்பு விரைந்து தேயத் தொடங்கும்போதுதான் தன் இன்மையைக் காட்டும்.

முதியோரைப் பற்றிய செய்தி ஒன்று எனக்கு மிகுந்த ஆறுதல் தந்தது. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் இல்லங்களில், சராசரி வயது 86 உடைய ஏழாயிரம் பேரைக் கொண்டு இரண்டாண்டு ஆய்வு நடந்தது. 2021-இல் அதன் முடிவு வெளிவந்தது. பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூடுதலாகக் கொடுத்தனர். அவ்வில்லங்களில் எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இடுப்பெலும்பு முறிவு ஏறத்தாழப் பாதியாயிற்று. அவர்கள் எடை குறைப்போர் அல்லர், நலிந்த முதியோர். ஆயினும் 86 வயதிலும் ஒரு குவளைப் பால் எலும்புக்கு உதவுகிறது என்றால், "எனக்கு இனி எதற்குப் பால்? பிள்ளைகளுக்குக் கொடு" என்று ஒதுங்கும் நம் வீட்டுப் பாட்டிமாருக்கும் ஒரு குவளையை வற்புறுத்திக் கொடுக்கவேண்டும்.

அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதும் வேண்டாம். 2014-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், நாளுக்கு மூன்று பெரிய குவளைக்கு மேல் பால் குடித்த பெண்களுக்கு எலும்பு முறிவு குறையவில்லை. மாறாகச் சிறிது கூடியே காணப்பட்டது. அது பழக்கங்களைக் கேட்டெழுதிய ஆய்வு. பாலே காரணம் என்று அதனால் முடிவு செய்ய இயலாது. எனினும் பாலை வாளியாகக் குடிப்பதில் சிறப்பில்லை என்பதற்கு அது போதும்.

சிறுநீரகக் கல் வந்தவர்கள், சுண்ணாம்பு என்ற சொல்லைக் கேட்டே அஞ்சிப் பாலை நிறுத்துகின்றனர். 2002-இல் இத்தாலியில் ஐந்தாண்டு நடந்த ஆய்வில், சுண்ணாம்புச் சத்தைக் குறைத்து உண்டவர்களைவிட, அதனை வழக்கமான அளவில் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்தவர்களுக்கே கல் திரும்ப வருவது குறைந்தது. சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டே எதையும் உண்ணவேண்டும்.

தவக்காலத்தில் பால் காப்பியை ஒறுத்துவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் உண்டு. நாற்பது நாள் ஒறுத்தலால் எலும்புக்கு ஒன்றும் நேர்ந்துவிடாது. முற்காலத்தில் ஐரோப்பாவில் தவக்காலத்தில் பாலும் வெண்ணெயும் விலக்கப்பட்டிருந்தன. பிரான்சு நாட்டு ரூவான் பேராலயத்தில் ஒரு கோபுரத்திற்கு வெண்ணெய்க் கோபுரம் என்றே பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றோர் அளித்த காணிக்கையால் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதனைக் கட்டத் தொடங்கினர். இன்றைய சுத்தபோசன ஒழுங்கில் இறைச்சிக்கே விலக்கு; பாலுக்கில்லை. தவக்காலத்தில் தொடங்கிய ஒறுத்தலை, "எடையும் குறைகிறதே" என்று ஆண்டு முழுவதும் நீட்டிக்கும்போதுதான் அது வேறொன்றாகிறது.

அக்காவின் மாவுக்கட்டை ஆறு வாரத்தில் பிரித்தார்கள். அதன்பின் எடுத்த சோதனையில், எலும்பின் அடர்த்தி குறைந்திருக்கிறது, ஆனால் எலும்பு உள்ளே துளைபட்டு வலுவிழக்கும் எலும்புப்புரை நிலைக்கு இன்னும் வரவில்லை என்று தெரிந்தது. வைட்டமின் டி மிகக் குறைவு. அதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார் மருத்துவர். இப்போது காலையில் ஒரு குவளை மெலிந்த பால், சர்க்கரையின்றி. நண்பகல் உணவில் ஒரு கிண்ணம் தயிர். மாலையில் இனிப்பில்லாத ஒரு பால் காப்பி. வாரம் மூன்று நாள் கேழ்வரகுக் களியோ அடையோ. மாலையில் அரைமணி நடை. இரு கைகளிலும் நீர் நிரப்பிய புட்டிகளைப் பிடித்துத் தூக்கி இறக்கும் பயிற்சியும் உண்டு. எடை தூக்கினால் எலும்பு உறுதிப்படும் என்று மருத்துவரே கற்பித்தார். முதல் இரண்டு வாரம் சர்க்கரையில்லாக் காப்பியை முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தார். கருப்பட்டியை மட்டும் முழுவதும் விட மனம் வரவில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒரே ஒரு குவளை.

சென்ற மாதம் நிறுத்துப் பார்த்தபோது எடை 67 கிலோ இருந்தது. எலும்பு அடர்த்தியை மறுபடியும் சோதிக்க அடுத்த ஆண்டு வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.